இன்டர்ன்ஷிப் சான்றிதழில் பொருள் எண் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் அருங்காட்சியக அலுவலகங்களின் வாசலில் தவறாமல் ஒரு காட்சி உண்டு. துறைத்தலைவர் கையெழுத்திட்ட போனஃபைடு கடிதத்தோடு நாலைந்து முதுகலை மாணவர்கள் நிற்பார்கள். 'இன்டர்ன்ஷிப் வேணும் சார், முப்பது மணி நேரம் போதும்' என்பார்கள். வரலாறு, தொல்லியல் படிப்பவர்களோடு வேதியியல், விலங்கியல், காட்சித் தொடர்பியல், கணினி அறிவியல் மாணவர்களும் வருகிறார்கள். முதலாண்டு முடிந்த கோடையில் பயிற்சி, மூன்றாம் பருவ மதிப்பெண் பட்டியலில் 2 கிரெடிட் என்று பாடத்திட்டத்திலேயே இடம் இருக்கிறது. வருவது நல்லதுதான். வந்த இடத்தில் அவர்கள் செய்கிற வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதல் நாள் காட்சிக்கூடங்களைச் சுற்றிக் காட்டுவார்கள். அடுத்த சில நாள் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையை ஒழுங்குபடுத்தச் சொல்வார்கள், அல்லது அலுவலகத்தில் எதையாவது தட்டச்சு செய்யக் கொடுப்பார்கள். கடைசி நாள் சான்றிதழ். பிறகு கல்லூரிக்கு 40 பக்க அறிக்கை ஒன்று போகும். 'சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது, முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர்' என்று ஆரம்பித்து, 1896-இல் கன்னிமாரா நூலகம், வெண்கலக் கூடம், அமராவதிச் சிற்பங்கள் என்று முக்கால் பங்கு அதே பழைய பல்லவி. இதை எழுத எழும்பூர் வரை பஸ் ஏறி வர வேண்டியதே இல்லை.

சென்னைவாசிகள் ஒரு காலத்தில் மிருகக்காட்சி சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். காலேஜ் என்று சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. அங்கே படிக்க ஏராளம் உண்டு. ஆனால் அந்தப் படிப்பு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நடப்பதில்லை, பின்னால் இருக்கும் வைப்பறையில் நடக்கிறது. எந்த அருங்காட்சியகத்தை எடுத்துக்கொண்டாலும் மக்கள் பார்வைக்கு இருப்பது சேகரிப்பில் ஒரு சிறு பகுதிதான். மீதி அலமாரியிலும் டிரங்குப் பெட்டியிலும் தட்டுகளிலும் இருக்கிறது. பயிற்சி மாணவருக்கு அதிலிருந்து ஒரே ஒரு தட்டைக் கொடுங்கள், அதை முழுசாக முடிக்கச் சொல்லுங்கள். அருங்காட்சியகக் காப்பாட்சியர்களாக (க்யூரேட்டர்) இருந்து ஓய்வுபெற்ற நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

முடிப்பது என்றால் என்ன? தட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, அளந்து, எடை போட்டு, படம் எடுத்து, பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று நிலை அறிக்கை எழுதி, எண் குறித்து, சரியான உறையிலோ பெட்டியிலோ திரும்ப வைத்து, இடத்தைப் பதிவது. புதிதாக வந்த ஒருவர் முதல் வாரம் நாளொன்றுக்கு 5 பொருள் முடித்தாலே பெரிது. கை பழகிய பிறகு 10, 12 வரை போகலாம். 30 மணி நேரம் என்பது நாளுக்கு 6 மணி வீதம் வெறும் 5 நாள். அதில் முதல் நாள் விதிமுறை சொல்லவே போய்விடும். மிஞ்சுவது 20 பொருள். கை பழகும் நேரத்தில் மாணவர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். 6 வாரமாவது வேண்டும் என்பது எங்கள் கணக்கு. 2 கிரெடிட்டுக்கு 30 மணிதான் என்று விதி சொன்னாலும், விருப்பமுள்ள மாணவரை அதற்குமேல் இருக்க விடுவதில் எந்தத் தடையும் இல்லை. எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் கணக்கில் கொண்டு நாட்களை வகுக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி என்று கல்லூரி அச்சடித்துக் கொடுக்கும் வருகைத் தாள் அங்கே பொருந்தாது.

இனி வேலை. பொருளைத் தொடுவதற்கு முன் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி வைக்கப்பட வேண்டும். துப்பட்டாவை முடிந்துகொள்ள வேண்டும். மிக அதிகம் சேதம் செய்வது கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு. குனிந்து பார்க்கும்போது அதன் உலோகக் கொக்கி சுடுமண் பொம்மையின் மூக்கில் போய் இடிக்கும். சட்டைப் பையில் இருக்கும் பேனாவும் அப்படித்தான். வைப்பறைக்குள் பேனாவே வேண்டாம், 2பி பென்சில் போதும். உலோகப் பொருளைத் தொட நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போட வேண்டும். வெள்ளைப் பருத்திக் கையுறை படத்துக்கு அழகாக இருக்கும். மே மாத வெயிலில் அது வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அப்படியே செம்பின் மேல் உப்பாகப் பூசும், வழவழப்பான பொருள் நழுவவும் செய்யும். காகிதத்துக்கும் ஓலைக்கும் மாறாக, கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறை போட்டால் ஓலையின் ஓரம் எங்கே பொடிகிறது என்று விரலுக்குத் தெரியாது.

செப்புத் திருமேனியைத் தூக்குவதற்குத் தனியாகப் பழக வேண்டும். நம் ஊர்த் திருமேனிகள் மெழுகு அச்சில் வார்த்த கன வார்ப்பு, உள்ளே பொள்ளல் கிடையாது. இரண்டடி உயரச் சிலையைப் பார்த்து 'ஒரு கையால் தூக்கிவிடலாம்' என்று நினைப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கையையோ, திருவாசியையோ, சடையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. திருவாசி தனியாகக் கழலும் என்றால் முதலில் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஒரு கை பீடத்தின் அடியில், மற்றொரு கை உடலின் பின்னால் இருக்க வேண்டும். கனமானால் இருவர் தூக்கலாம். தூக்குவதற்கு முன்பே எங்கே வைக்கப் போகிறோம் என்று பார்த்து, அந்த மேசையில் நுரை விரிப்பு போட்டிருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நின்ற பிறகு இடம் தேடுவதில்தான் பாதி விபத்து. கும்பிடத் தோன்றினால் தூரத்தில் நின்று கைகூப்பலாம், பாதத்தைத் தொட வேண்டாம்.

வர்ணனை எழுதும்போது பத்தில் எட்டுப் பேர் செய்யும் தவறு வலம், இடம். வலக்கை என்றால் சிலையின் வலக்கை, பார்ப்பவரின் வலப்பக்கம் அல்ல. ஆடவல்லான் (நடராஜர்) பின்வலக் கையில் உடுக்கை, பின்இடக் கையில் தீ, முன்வலக் கை அபயம், தூக்கியது இடக்கால், முயலகன் மேல் ஊன்றியது வலக்கால். இதைப் பார்ப்பவர் பக்கத்திலிருந்து எழுதினால் ஒரு வேற்றுச் சிலையின் வர்ணனையாகிவிடும். நாளை சிலை தொலைந்து எங்கோ ஏலத்துக்கு வந்தால் 'இது எங்களுடையது' என்று காட்ட அந்தத் தாள் உதவாது.

மிகைப்படுத்துகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தார், 2014-இல் திரும்பி வந்தார். அவர் நம்முடையவர் என்று நிறுவியதில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் முன்பே எடுத்து வைத்திருந்த கருப்பு வெள்ளைப் படத்துக்குப் பங்கு உண்டு. அதை எடுத்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. அளவு, எடை, வார்ப்பில் விழுந்த சின்னக் குழி, பீடத்தில் உடைந்த மூலை, விரலில் உள்ள வளைவு என்று பயிற்சி மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த வகைச் சான்று. உயரத்தைப் பீடத்தோடும் பீடமில்லாமலும் இரண்டாக எழுத வேண்டும். எல்லா அளவும் சென்டிமீட்டரில், உயரம், அகலம், கனம் என்ற வரிசையில் இருக்கட்டும். பழைய பதிவேட்டில் அங்குலத்தில் இருந்தால் அதை அடிக்காமல் பக்கத்தில் புது அளவைச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது களிம்பு. ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த செம்பின் மேல் கரும்பச்சையாக, இறுகிப்போய், வழவழவென்று படிந்திருப்பது அதற்குப் போர்வை மாதிரி. அதை எடுக்கக் கூடாது. அதற்கு நடுவே வெளிர் பச்சையில், மாவு மாதிரி, புள்ளி புள்ளியாகத் தெரிந்தால்தான் ஆபத்து. பல்குத்தும் குச்சியால் லேசாகத் தொட்டால் பொடி உதிரும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பு உள்ளே இருந்துகொண்டு காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பைத் தின்கிறது. தின்ன தின்ன மறுபடி அமிலம் உண்டாவதால் தானாக நிற்காது. காற்றில் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி ஏறினாலே வேகம் பிடிக்கும். சென்னைக் காற்றுக்கு 70 என்பது சர்வசாதாரணம். மாணவர் செய்ய வேண்டியது மூன்றே வேலை. புள்ளி இருக்கும் இடத்தைப் படத்தில் வட்டமிட வேண்டும். பொருளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு தனியே வைக்க வேண்டும். வேதியியல் பிரிவுக்கு அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். 110, 120 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு என்பதால் அதையும் வெறுங்கையால் அள்ள வேண்டாம்.

புளி, எலுமிச்சம்பழம், விபூதி, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு விளக்கு தேய்க்கிற கை சும்மா இருக்காது. ஒரு சங்ககாலச் செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும், அதோடு எழுத்தும் உருவமும் போய்விடும். அரித்துப்போன காசில் எழுத்து பெரும்பாலும் உலோகத்தில் இருக்காது, அதன் மேல் படிந்த களிம்பில்தான் தங்கியிருக்கும். களிம்பு போனால் எழுத்தும் போச்சு. பெரியவர்களே இந்த விஷயத்தில் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எழும்பூரில் 1930-இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கியபோது அதன் வேதியியலாளர் எஸ். பரமசிவன் திருமேனிகளின் களிம்பை மின்பகுப்பு முறையில் நீக்கினார். அந்தக் காலத்துக்கு அது முன்னோடி வேலை. இன்று அந்த முறையை எடுத்த எடுப்பில் யாரும் கையில் எடுப்பதில்லை, காரணம் அது நல்ல களிம்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். வேதியியல் மாணவர் வந்தால் இந்த மாற்றத்தைத்தான் படிக்கச் சொல்வோம்.

காசுத் தட்டு பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. பொருள் சிறிது, உடையாது, எண்ணிக்கை அதிகம். ராஜராஜன் செப்புக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. விட்டத்தை அளக்கப் பிளாஸ்டிக் காலிப்பர் வேண்டும், இரும்புக் காலிப்பர் கீறும். எடையை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் போட வேண்டும். அப்போது மின்விசிறியை நிறுத்த மறந்தால் தராசு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் காட்டும். பல மாணவர்கள் தராசு கெட்டுவிட்டது என்று புகார் சொல்வது இதனால்தான். முன்பக்கத்தை நேராக வைத்துக்கொண்டு, காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எத்தனை மணி இருக்கும் திசையைக் காட்டுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். ஒரே அச்சில் அடித்த காசுகளைச் சேர்க்க அது உதவும். எண்ணைக் காசின் மேல் எழுதக் கூடாது. அமிலமில்லாத காகித உறையின் மேல், காசை உள்ளே போடுவதற்கு முன், பென்சிலால் எழுத வேண்டும். கடைகளில் நாணயச் சேகரிப்பாளருக்கு விற்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நாலைந்து ஆண்டில் அதிலிருந்து பிசுபிசுப்பாகப் பச்சை கசியும். ரப்பர் பேண்டும் ஆகாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளிக் காசைக் கருப்பாக்கும்.

பானை ஓட்டில் எண் எழுதலாம், ஆனால் முறையோடு. நகப்பூச்சையும் வெள்ளைத் திருத்த மையையும் அடிப்பூச்சாகப் பூசும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. நகப்பூச்சு மஞ்சளாகி உரிந்து விழும்போது எண்ணும் சேர்ந்து விழுகிறது. பேரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, ஓட்டின் உட்பக்கத்தில் ஒரு சின்னக் கோடு பூச வேண்டும். காய்ந்ததும் அதன் மேல் நிறமி மையால் எழுதி, மறுபடி ஒரு பூச்சு பூச வேண்டும். பின்னால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் சுவடின்றிப் போய்விடும். உடைந்த விளிம்பில் எழுதினால் நாளை ஓட்டை ஒட்டும்போது இணையாது. கீறல் குறியீடோ தமிழி (தமிழ் பிராமி) எழுத்தோ இருக்கும் பக்கத்தில் எழுதவே கூடாது. அகழாய்விலிருந்து நேராக வந்த ஓடுகளைக் கழுவும் முன் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும். உள்ளே ஒட்டிய எண்ணெய், தானியத் துகளைச் சோதிக்க எடுத்து வைத்தவை அவற்றில் இருக்கக்கூடும். பல்துலக்கும் பிரஷ் எடுத்து அழுத்தித் தேய்த்தால் கருப்பு-சிவப்பு ஓட்டின் மெருகு போய்விடும்.

ஓலைச்சுவடி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏடுகளை எண்ணுவதில்தான் முதல் சறுக்கல். ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும். அது பழைய முறை, ௨௰௩ என்றால் 23. ௰ பத்து, ௱ நூறு என்று தெரியாதவர் 'மூன்று எழுத்து' என்று நினைத்து விட்டுவிடுவார். ௧ என்பதைக் க என்றும், ௨ என்பதை உ என்றும், ௭ என்பதை எ என்றும் படிப்பவர் நிறைய. விடுபட்ட ஏட்டையும் இடம் மாறிய ஏட்டையும் கண்டுபிடிப்பது இந்த எண்களை வைத்துத்தான். நீளம், அகலம், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, துளை எத்தனை, பூச்சி அரித்தது எந்த ஏடு முதல் எந்த ஏடு வரை என்று எழுதினால் போதும். தேங்காயெண்ணெய் தடவும் யோசனை வேண்டாம், அது சிக்குப் பிடித்துப் பூச்சியைக் கூப்பிடும். எலுமிச்சம்புல் தைலம் தடவுவதை அதற்கென்று இருப்பவர்கள் செய்வார்கள். சாயம் போகும் சிவப்புத் துணியில் கட்டுவதை விட, துவைத்த வெளுக்காத பருத்தித் துணி மேல்.

விலங்கியல் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாடம் செய்த பழைய பறவை, விலங்குகளின் தோலில் அந்தக் காலத்தில் ஆர்சனிக் கலந்த சோப்பு பூசினார்கள். தடவிப் பார்க்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்த அலமாரியைத் திறக்கவும் கூடாது. சாராயத்தில் போட்ட மாதிரிகளுக்குச் சீட்டைக் குப்பியின் உள்ளே போடும்போது பென்சிலால் எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை கரைந்துபோய் வெள்ளைச் சீட்டு மிதக்கும். பெயரில்லாத மீன் யாருக்கும் பயன்படாது.

பதிவேடு. இதைத்தான் மாணவர்கள் அலுப்பான வேலை என்று நினைக்கிறார்கள். எங்களைக் கேட்டால் பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். வைப்பறையில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பல இந்த வழியாக வந்தவை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இருக்கும். எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண், யார் நிலம், கூடவே என்னென்ன கிடைத்தன என்பதெல்லாம் அதில் இருக்கும். பொருளையும் கோப்பையும் இணைக்கும் கயிறு அந்த ஒரே எண்தான். எண் அழிந்தால் சிலை இருக்கும், ஊர் போய்விடும்.

ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். ஆதிச்சநல்லூர்ப் பொருளுக்கு, அங்கே அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரீ காலத்துச் சீட்டில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். 1986-க்குப் பிறகு அது தூத்துக்குடி மாவட்டம். 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று 1950-களில் எழுதிய ஒரு கிராமம் இன்று நாகப்பட்டினத்திலோ, திருவாரூரிலோ, 2020-இல் பிறந்த மயிலாடுதுறையிலோ இருக்கலாம். பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதும் ஆர்வக்கோளாறு கூடாது. பழையது அப்படியே இருக்கட்டும், பக்கத்துக் கட்டத்தில் இன்றைய மாவட்டம், வட்டம் வரட்டும். பதிவேட்டில் தவறு நேர்ந்தால் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இட வேண்டும். வெள்ளை மை பூசிய பதிவேட்டை நீதிமன்றம் ஏற்காது என்று நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். தொலைந்த பொருளின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

கணினியில் ஏற்றும்போது வேறு தொல்லை. 12/5 என்று பொருள் எண்ணைத் தட்டினால் எக்செல் அதை மே 12 என்று தேதியாக்கிவிடும். ஆயிரம் வரி ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் சரிசெய்வது பெரும் பாடு. முதல் எண்ணைத் தட்டும் முன்பே அந்த வரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். பழைய கோப்புகள் பாமினி, வானவில் எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். மாற்றி மென்பொருள் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் குழப்பினால் கிராமமே மாறிப்போகும். படக்கோப்பின் பெயர் பொருள் எண்ணாகவே இருக்கட்டும். செல்போன் தானாக வைக்கும் பெயரோடு 600 படத்தைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போனால் அதைப் பிரிக்க இன்னோர் இன்டர்ன் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் எண் சீட்டும் தெரிய வேண்டும். பின்னணி சாம்பல் நிறக் காகிதமாக இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். எழுத்துள்ள பீடத்துக்கு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சாக்பீஸ் பொடியோ கோலமாவோ தடவ வேண்டியதில்லை. வைப்பறைப் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போனால், எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று திருடனுக்கு வரைபடம் கொடுத்த மாதிரி. அப்படிப் போட மாட்டேன் என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

எழும்பூருக்குத்தான் எல்லாரும் வர வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. பெரும்பாலான இடங்களில் பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. திருவண்ணாமலையிலோ சிவகங்கையிலோ இருந்து வரும் மாணவி சென்னையில் ஒரு மாதம் விடுதிக்குக் கட்ட எங்கே போவார்? முப்பது மணி நேரம் என்று சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். புதுக்கோட்டை, மதுரை, திருச்சி, சேலம், வேலூர், திருநெல்வேலி என்று மாவட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. கொந்தகையில் 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் இருக்கிறது. மாவட்ட அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் ஒரே காப்பாட்சியர். பதிவேடு, பள்ளி நிகழ்ச்சி, ஆட்சியர் கூட்டம், மின்கட்டணம் எல்லாம் அவர் தலையில். வீட்டிலிருந்தே சாப்பாட்டுக் கூடையோடு வந்துபோகும் மாணவர் ஒருவர் அங்கே ஆறு வாரம் உட்கார்ந்தால் 150 பொருளுக்கு மேல் முடியும். எழும்பூரில் பத்துப் பேர் கூட்டத்தில் ஒருவராக நிற்பதைவிட அவர் கற்றுக்கொள்வதும் அதிகம். மாவட்டக் கல்லூரிகள் தங்கள் ஊர் அருங்காட்சியகத்தோடு முதலில் பேசட்டும். மே மாதம் வேண்டுமானால் பிப்ரவரியிலேயே கடிதம் எழுத வேண்டும். அனுமதி தலைமையிடம் போய் வர நாள் பிடிக்கும். கடிதத்தில் 'பயிற்சி அளிக்க வேண்டுகிறோம்' என்று மொட்டையாக எழுதாமல், மாணவர் படித்த தாள்கள் எவை, கல்வெட்டு எழுத்து தெரியுமா, கேமரா தெரியுமா, எத்தனை வாரம் இருப்பார் என்று எழுதினால் காப்பாட்சியருக்கு எந்தத் தட்டைக் கொடுப்பது என்று புரியும்.

காப்பாட்சியர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி மாணவரை நம்பிப் பொருளைக் கொடுப்பது பயம்தான். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால்தான் காசு, ஓடு, சுடுமண் மணி என்று தொடங்கச் சொல்கிறோம். காலையில் தட்டை எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கி, இருவரும் ஒரே தாளில் கையெழுத்திடுங்கள். ஏதாவது உடைந்தால் திட்டாமல், துண்டுகளை எண்ணி உறையிலிட்டு அன்றே எழுதிக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்து துண்டைத் தட்டுக்கடியில் ஒளித்து வைத்ததுதான் எப்போதும் பெரிய இழப்பாக முடிந்திருக்கிறது.

துறைத்தலைவர்களிடம் கேட்பது, அந்த 40 பக்க அறிக்கையைக் கைவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு பொருளுக்கு ஒன்று என்று 25 பொருள் தாள்களைக் கேளுங்கள். மூலம் அருங்காட்சியகத்தில் இருக்கும், நகல் கல்லூரிக்கு வரும். அதிலிருந்து ஏதோ இரண்டை எடுத்து, 'இந்த அளவை எங்கிருந்து எங்கு வரை எடுத்தாய்?' என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் வேலை செய்தவர் யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சான்றிதழிலும் 'இவர் மே 2 முதல் ஜூன் 12 வரை பயிற்சி பெற்றார், நன்னடத்தை உடையவர்' என்பதோடு நிறுத்த வேண்டாம். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? அவர் ஆவணப்படுத்திய பொருள்களின் எண்களை அங்கே வரிசையாக அச்சிட்டு, காப்பாட்சியர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பதிவேட்டிலும் அந்தந்த எண்ணுக்கு நேரே 'சரிபார்த்தவர்' கட்டத்தில் மாணவரின் சுருக்கொப்பமும் தேதியும் ஏறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பாட்சியர்கள் இருவர்,
சென்னை.